எண்ணெய்ச் சட்டி வைக்காத வருஷம்

பஸ்ஸு கெளம்பிட்டு. டிரைவர் கண்ணாடிக்கு மேல இருக்க சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, கண்டக்டர் ரெண்டு விசில் ஊதி, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட விட்டு வெளிய வந்து, இந்தா தென்காசி ரோட்டுல ஏறிட்டு. இவ்வளவு நேரமும் நான் மூச்சு விட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாது, இப்பம் ஒரு பெரிய மூச்சு தானா வருது, பக்கத்து சீட்டு அக்கா திரும்பிப் பாக்கா. பாத்தா பாக்கட்டும். மடியில மஞ்சப் பை இருக்கு. பைக்குள்ள எங்க வீட்டுப் பத்திரம், வாரிசு சர்டிபிகேட், என் ஆதார் கார்டு. இருக்கா? தொட்டுப் பாக்கேன், இருக்கு. ஏறினதுல இருந்து இது ஏழாவது தடவை. பத்திரம் என்ன கோழிக்குஞ்சா, எந்திரிச்சு ஓடிப் போறதுக்கு. ஆனாலும் கை கேக்க மாட்டேங்குது. மாத்துத் துணி எடுக்கல, சீப்பு எடுக்கல, கால்ல கெடக்கது அந்த வீட்டு ரப்பர் செருப்பு, அதுவும் ஒண்ணு நீலம் ஒண்ணு பச்சை. போகட்டும். அரை மணி நேரத்துக்கு முந்தி நான் ஓடி வந்தது என் பெரியப்பா வீட்டுல இருந்து. பெரியப்பா இல்ல, அதான் விஷயம். எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன்னு சொல்லிக்கிட்டு மூணு மாசமா எங்க வீட்டுக்கு வந்து போன தங்கமாரிங்கிற அந்த ஆளு அப்பாவுக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல, ஒண்ணுமே இல்ல. இன்னும் நாலு நாள் போயிருந்தா நான் அவருக்கு பவர் எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டிருப்பேன். சிரிச்சுக்கிட்டே போட்டிருப்பேன். தென்காசிப் பக்கம் அப்பா லாரி ஓட்டி ஓட்டிக் கட்டின வீடு, நாலு வழிச்சாலை பக்கத்துல வருதுன்னு போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போற இடம், எனக்குன்னு இந்த உலகத்துல இருக்க ஒரே கூரை, அது அந்த ஆளு கைக்குப் போயிருக்கும். இசக்கியம்மாள், காலேஜ் முதல் வருஷம், வயசு பதினேழு, தீபாவளி கழிஞ்சு மூணாம் நாள் பதினெட்டு, மூளை மட்டும் மூணு வயசுலயே நின்னுட்டு.

நாளைக்கு தீபாவளி, அதனால பஸ்ஸுல காலு வைக்க எடம் இல்ல, எல்லாரு கையிலயும் ஜவுளிக்கடைப் பை, பட்டாசுப் பொட்டலம். எனக்கு இந்தக் கூட்டம் நல்லா இருக்கு. இவ்வளவு பேரு நடுவுல வந்து என்னைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போக முடியாதுல்ல. முடியுமா? ‘எங்க வீட்டுப் புள்ள, கோவிச்சுக்கிட்டு வந்துட்டு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கண்டக்டரே எறக்கி விட்டுருவாரு. பெரியப்பா அப்படித்தான் சொல்லுவாரு, குரலத் தணிச்சு, கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு. பாரு, இன்னும் பெரியப்பான்னுதான் வருது வாயில. தங்கமாரி. தங்கமாரி. அந்த ஆளு மொத தடவை வந்தது ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. பங்குனியில அப்பா போயி நாலு மாசம் ஆயிருந்துச்சு. அம்மா எனக்கு ஆறு வயசுலயே போயாச்சு. வாசல்ல ஒரு ஆளும் பொம்பளையும் வந்து நின்னாங்க, கையில ஆப்பிளும் ஹார்லிக்சும். உள்ள வந்து அப்பா போட்டோவப் பாத்ததும் அந்த ஆளு அப்படியே தரையில உக்காந்து அழுதாரு. ‘தம்பி, புருவத்துல அந்தத் தழும்பு அப்படியே இருக்கேடா’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அதைக் கேட்டதும் நானும் அழுதேன். அப்பா இருவது வயசுல வீட்டுல சண்ட போட்டுக்கிட்டு வெளிய வந்தவரு, சாத்தூர்ப் பக்கம்னு மட்டும் சொல்லுவாரு, வேற எதுவும் கேட்டா ‘எனக்கு நீ இருக்க, போதும்’பாரு. எனக்குப் போதலையே. பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளும் லீவுக்கு சித்தி வீட்டுக்குப் போனேன் மாமா வீட்டுக்குப் போனேன்னு அளக்கும், நான் மட்டும் லாரிக்குப் போனேன்னு சொல்லுவேன். அதனால அந்த ஆளு வந்து உக்காந்து அழுததும் நான் அப்படியே விழுந்துட்டேன். பத்து நாளைக்கு முந்தி, ‘தீபாவளிக்கு நம்ம வீட்டுல வந்து இரு’ன்னு ராஜபாளையத்துக்குக் கூப்புட்டதும் பத்திரத்தோட கெளம்பிட்டேன்.

இப்பம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன். தழும்ப யாரு மொதல்ல சொன்னது? அவருதான். ஆனா தழும்பு போட்டோவுலயே தெரியுமே. அப்பா செத்தப்ப லாரி டிரைவர் சங்கத்துக்காரங்க முக்குல கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வச்சாங்க, ஆறடிக்கு அப்பா மூஞ்சி, கீழ ‘லாரி சொள்ளமுத்து’ன்னு பேரு, வயசு, தேதி, ‘அன்பு மகள் இசக்கியம்மாள்’னு என் பேரு. அன்பு மகனோ மருமகனோ அண்ணனோ தம்பியோ ஒருத்தர் பேரும் கெடையாது. அதப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், இந்தப் புள்ளைக்குக் கேக்க நாதியில்லன்னு. மழையிலயும் வெயிலுலயும் அது ஆடி வரைக்கும் அங்கதான் நின்னுச்சு. சரி, அப்பாவுக்கு வெத்தல பழக்கம் உண்டுன்னு யாரு சொன்னது? நான். ‘அவன் பழக்கம் மாறலையா’ன்னு அவரு கேட்டாரு, எந்தப் பழக்கம்னு சொல்லல, நான்தான் முந்திக்கிட்டு, ஆமா பெரியப்பா, வெத்தலய விடவே இல்லன்னு எடுத்துக் குடுத்தேன். மறுவாரம் வரும்போது அப்பா போட்டோ முன்னால வைக்க வெத்தல வாங்கிட்டு வந்தாரு. நான் அத பெரிய அதிசயமா காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அம்மா பேரு? நான். சண்ட போட்டுட்டு வந்தது? நான். சாத்தூர்? அய்யோ, அதுவும் நான்தான். நான் குடுத்ததத்தான் அந்த ஆளு எனக்கே திருப்பிக் குடுத்திருக்காரு, நானும் புதுசு மாதிரி வாங்கி வச்சுக்கிட்டேன். தலையில மொளகா அரைக்கதுன்னு சொல்லுவாங்க. எனக்கு அரைக்க மொளகாயும் நானே எடுத்துக் குடுத்திருக்கேன்.

சிவகிரி. பஸ்ஸு நிக்கி. ஏறுறவங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பாக்கேன். பாக்கக் கூடாதுன்னு நெனைச்சுக்கிட்டே பாக்கேன். முன் படிக்கட்டுல ஒரு ஆளு ஏறுறாரு, கட்டம் போட்ட சட்டை, வழுக்கை, வலது தோளு கொஞ்சம் எறங்கி இருக்கு. அந்தத் தோளு எனக்குத் தெரியும், பத்து நாளா பைக்குல பின்னால உக்காந்து பாத்த தோளு. பைய நெஞ்சோட புடிச்சுக்கிட்டு குனிஞ்சிட்டேன், முன் சீட்டுக் கம்பியில நெத்தி இடிக்கி. இப்பம் கூப்புடுவாரு. ‘இசக்கி, என்னம்மா இப்படிப் பண்ணிட்ட’ன்னு தேனொழுகக் கூப்புடுவாரு. எல்லாரும் திரும்புவாங்க. நான் என்ன சொல்லுவேன், இவரு என் பெரியப்பா இல்லன்னு எத வச்சு நிரூபிப்பேன், அவருகிட்ட எங்க குடும்பப் போட்டோ இருக்கு, நானே குடுத்தது, அவரும் பெரியம்மாவும் நானும் சிரிக்கிற செல்ஃபி வேற இருக்கு. ‘டிக்கெட், டிக்கெட், சிவகிரி ஏறுனது யாரு’ன்னு கண்டக்டர் வாராரு. அந்த ஆளு திரும்பி, ‘கடையநல்லூர் ஒண்ணு’ங்காரு. வேற மூஞ்சி. மீசை நரைச்சு, பல்லு எடுப்பா, யாரோ ஒரு நல்ல மனுசன், தீபாவளிக்கு ஊருக்குப் போறாரு. அந்தப் பல்லப் பாத்து எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, எந்திரிச்சுப் போயி கும்பிட்டுட்டு வந்திருப்பேன். சிரிப்பு வருது. வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கேன்.

முறுக்கு வாசம் இன்னும் என் துணியில இருக்கு. காலையில கண்ணு முழிச்சதே அந்த வாசத்துலதான். எந்திரிச்சு வந்தா அடுப்பாங்கரையில பெரியம்மா, கோமதின்னு பேரு, பெரிய எண்ணெய்ச் சட்டிய அடுப்புல ஏத்தி, முழங்கை வரைக்கும் மாவோட உக்காந்து முறுக்கு புழிஞ்சுக்கிட்டு இருக்கா. ‘வா பாப்பா, சூடா இருக்கையில தின்னு’ன்னா. எனக்கு நாக்குல எச்சி ஊறுது, பல்லு கூட வெளக்கல, சம்மணம் போட்டு உக்காந்து ஒண்ணு தின்னேன். நல்லா இருந்துச்சு, எள்ளும் ஓமமும் போட்டு நல்ல பதம். ரெண்டாவதும் தின்னேன். மூணாவத எடுத்து ஒடிக்கும்போதுதான், என்னமோ உறுத்துச்சு. என்னன்னு தெரியல. கை அப்படியே நிக்கி. சட்டியப் பாக்கேன், எண்ணெய் கொப்புளிக்கி. அம்மா செத்த வருஷம் தீபாவளிக்கு நான் முறுக்கு வேணும்னு உருண்டு அழுதேன். அப்பா எங்க வீட்டு எண்ணெய்ச் சட்டியத் தூக்கி பரண் மேல கவுத்திப் போட்டுட்டு, ‘இந்த வருஷம் நமக்கு தீபாவளி இல்ல தாயி, சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்புற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது’ன்னாரு. புதுத்துணி இல்ல, எண்ணெய்த் தேய்ப்பு இல்ல. அக்கம்பக்கத்துக்காரங்கதான் தட்டு தட்டா பலகாரம் கொண்டு வந்து குடுத்தாங்க, அதுதான் மொறை, துக்க வீட்டுக்கு ஊரு பாத்துக் குடுக்கும். அன்னைக்கு ராத்திரி வெடிச் சத்தம் என் காதுல விழக்கூடாதுன்னு என்னை லாரியில தூக்கி உக்கார வச்சு மதுரை தாண்டி ஓட்டிக்கிட்டே போனாரு. ஆறு வயசுல ஒருக்கா கேட்டது. அது எனக்கு இன்னைக்குக் காலையில வாயில ரெண்டு முறுக்கு போன பொறவுதான் ஞாபகம் வருது. அப்பா செத்து ஏழு மாசந்தான் ஆகுது. எனக்கு அப்பா, இவங்களுக்குக் கூடப் பொறந்த தம்பி, கொழுந்தன், ஒரே ரத்தம், ஒரே தீட்டு. அப்பம் இந்த வீட்டுல எப்படி எண்ணெய்ச் சட்டி?

மகள் நானே மறந்துட்டேன், அவங்களச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு முதல்ல தோணுச்சு. இப்பமும் தோணுது. ஆனா நான் பச்சப் புள்ள, இந்த மொறையெல்லாம் எடுத்துச் சொல்ல வீட்டுல பெரிய மனுசி கெடையாது. ஐம்பது வயசுப் பொம்பளைக்கு, இத்தனை சாவு பாத்தவளுக்கு, இது தெரியாமலா இருக்கும். தெரியும். பக்கத்து வீட்டுல விழுந்த சாவுக்குக் கூட இந்த ஊருப் பொம்பளைக கணக்கா இருப்பாங்க. சரி, கேட்டுருவோம்னு கேட்டேன், ஒடிச்ச முறுக்கக் கையில வச்சுக்கிட்டே, சாதாரணமாத்தான் கேட்டேன். ‘பெரியம்மா, இன்னும் வருஷம் திரும்பலையே, நாம பலகாரம் சுடலாமா?’ கோமதி சட்டியில இருந்து கண்ண எடுக்காம, ‘யாருக்கு வருஷம் திரும்பல?’ன்னா. யாருக்குன்னு கேட்டா. அந்த ஒரு செகண்டு. பொறவு அவ கையில இருந்த கண்ணுக் கரண்டி நின்னுச்சு, கழுத்துல இருந்து மேல ரத்தம் ஏறுச்சு, ‘அட, உனக்காகத்தான் பாப்பா, சின்னப்புள்ள ஏங்கிரக் கூடாதுல்ல, சாமி ஒண்ணும் செய்யாது’ன்னு சிரிச்சா. அழுகைய ஞாபகம் வச்சிருந்தாங்க, வெத்தலய ஞாபகம் வச்சிருந்தாங்க, செத்தது தம்பின்னு மட்டும் மறந்துட்டாங்க. இல்லாத தம்பி எப்படி ஞாபகத்துல இருப்பான்.

அப்பவும் நான் ஒரேயடியா நம்பிரல. சில வீட்டுல மொற பாக்க மாட்டாங்கன்னு எனக்கு நானே வக்கீலு வச்சு வாதாடுறேன். அந்த நேரம் பாத்து எதுத்த வீட்டு அம்மா முறுக்கு அச்சு கேட்டு வந்தாங்க, அவங்க வீட்டுதுல கைப்பிடி ஒடைஞ்சு போச்சாம். வாசல்ல நின்னுக்கிட்டே, ‘இது யாரு புள்ள, பத்து நாளா பாக்கேன்’னு கேட்டாங்க. நான் உள்ள தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். கோமதி குரலக் கொறச்சு, ‘ஊர்ல தெரிஞ்சவங்க புள்ள, லீவுக்கு வந்திருக்கு’ன்னா. தெரிஞ்சவங்க புள்ள. கொழுந்தன் மக இல்ல. அந்தத் தெருவுக்கு நான் யாரோ. செம்ப வைக்கேன், மண்டைக்குள்ள பட்பட்னு எல்லாம் விழுது. என் போனு டிஸ்பிளே ரிப்பேருன்னு தங்கமாரி வாங்கிட்டுப் போயி மூணு நாள் ஆச்சு. வாரிசு சர்டிபிகேட்டுக்கு அவரு ஏன் அத்தனை அலைஞ்சாரு. ‘நீ சின்னப் புள்ள, ஆபீஸ் ஆபீஸா ஏற வேண்டாம், பதினெட்டு முடிஞ்சதும் எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துரு, நான் உனக்கு காவல்காரன் மாதிரி’ன்னாரு. பத்திரம் அவங்க பீரோவுல இருக்கு, பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் குடுத்தேன். இன்னைக்கு அவரு பத்திரம் எழுதுறவரப் பாக்கப் போயிருக்காரு. எடுத்துட்டு ஓடணும்னா இப்பம்தான். ‘பெரியம்மா, காலேஜ்ல ஆதார் ஜெராக்ஸ் கேட்டிருக்காங்க, நாளைக்குக் கட பூட்டிருவான்’னேன். என் குரலு எனக்கே ஆச்சரியம், அவ்வளவு நல்லா பொய் சொல்லுது, அவங்ககிட்டயே படிச்சிருப்பேன். கோமதி ரெண்டு கையிலயும் மாவு, சட்டியில முறுக்கு செவந்துக்கிட்டு வருது, எந்திரிக்க முடியாது. ‘இடுப்புல சாவி இருக்கு, எடுத்துக்கோ, எடுத்துட்டு பூட்டி வச்சிரு’ன்னா. அவ இடுப்புல கைய விட்டு சாவிய எடுத்தேன். பீரோவத் தொறந்து மூணையும் எடுத்து ஆணியில கெடந்த மஞ்சப் பையில போட்டு, சாவியத் திரும்ப அவ பக்கத்துல வச்சேன். ‘சீக்கிரம் வா’ன்னா. ‘வாரேன்’னேன். தெரு முக்கு வரைக்கும் நடந்தேன். பொறவு ஓடினேன்.

வாசுதேவநல்லூர் போயிட்டு. வலப்பக்கம் மலையில மேகம் எறங்கி இருக்கு, மழை வரும். பக்கத்து அக்கா மடியில தூங்குற புள்ள தலை மெல்ல மெல்ல என் தோள்ல சாயுது, வாயில இருந்து எச்சி வழியுது, நான் ஆடாம இருக்கேன். ‘தனியாவா போற?’ன்னு அந்த அக்கா கேக்கா. எதுக்குக் கேக்கா, இவ யாரு, இவ எந்தக் கோமதி. அப்படி நெனைச்சுட்டு எனக்கே கேவலமா இருக்கு, எச்சி வடிக்கிற புள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு அவ அம்மாவச் சந்தேகப்படுறேன். இனிமே யாரு சிரிச்சாலும் இப்படித்தான் இருக்குமா. அதுக்காக வாயப் பூட்டிக்கிட்டு இருந்தா வேலைக்கு ஆகுமா, போனு வேணும். ‘அக்கா, ஒரு போன் பண்ணிக்கிடட்டுமா, என் போனு இல்ல’ன்னேன். அவ ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்துட்டா. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ரெண்டே நம்பர். ஒண்ணு அப்பாவோடது, அதுக்குப் பண்ணி என்ன செய்ய. இன்னொண்ணு ஜெபக்கனியக்காவோடது. பக்கத்து வீடு, பீடி சுத்துறவ, எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவருதான். அப்பா லோடுக்குப் போற நாள்ல எல்லாம் நான் படுத்தது அவ வீட்டுல. அந்தக்கா வாய்க்கு ஊரே பயப்படும். தங்கமாரி வந்த அன்னைக்கே, ‘இத்தன நாளு எங்க இருந்தாரு இந்தப் பெரியப்பா, பதினாறாம் நாளுக்கு ஏன் வரல’ன்னு கேட்டா. நான் கண்டுக்கல. பத்திரத்த எடுத்துக்கிட்டு அவங்க கூடக் கெளம்புன அன்னைக்கு வழிய மறிச்சு நின்னா, ‘ஏட்டி, துணிய எடுத்துட்டுப் போ, காகிதத்த எதுக்கு எடுத்துட்டுப் போற’ன்னா. நான் என்ன சொன்னேன். அத நெனைக்கக் கூடாதுன்னு பாக்கேன், அங்கேயே போயி நிக்கி மனசு. ‘உங்களுக்குப் பொறாமை. அவங்க எனக்கு ரத்த சொந்தம். நீங்க எனக்கு யாரு?’ன்னேன். அக்கா மடியில இருந்த பீடித் தட்ட எறக்கி வச்சுட்டு, உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. வாயாடி அக்கா ஒண்ணும் பேசல. அதுக்குப் பொறவு நான் எப்படி அவளுக்குப் போன் பண்ண.

பண்ணினேன். வேற நாதி. மூணு ரிங் போயி எடுத்தா. ‘அலோ, யாரு?’ பின்னால பீடி இலை வெட்டுற கத்திரி சத்தம் கேக்குது, சரக் சரக்குன்னு. ‘அக்கா, நான் இசக்கி’ன்னேன். கத்திரி நின்னுட்டு. வச்சிருவாளோன்னு எனக்கு உசுரு போயிட்டு வருது. ‘எங்க இருக்க?’ன்னா. ‘பஸ்ஸுல இருக்கேன்க்கா, ராஜபாளையத்துல இருந்து வாரேன். அவங்க பெரியப்பா இல்லக்கா.’ ‘பத்திரம்?’ ‘கையில இருக்கு.’ ‘உன்னை எதுவும் செஞ்சாங்களா?’ ‘இல்லக்கா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல.’ ‘தென்காசில எறங்கி அந்த இடத்துலயே நில்லு. எவன் கூப்புட்டாலும் போகாத’ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அவ்வளவுதான். கோவமா இருக்காளா? கோவம் இல்லாமலா இருப்பா. ஆனா வாரேன்னு சொல்லல, நில்லுன்னுதான் சொன்னா, நில்லுன்னா வாரேன்னுதான அர்த்தம். போனத் திருப்பிக் குடுக்கும்போது பக்கத்து அக்கா, ‘யாரு, உங்க அக்காவா?’ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். புளியங்குடியில எறங்கும்போது புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, ‘பாத்துப் போம்மா, அந்தப் பைய நல்லா புடிச்சுக்க’ன்னு சொல்லிட்டுப் போறா. நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்.

மழை பிடிச்சிட்டு. ஷட்டர எறக்குங்காங்க, எறக்கியாச்சு, பஸ்ஸுக்குள்ள ஒரே இருட்டும் ஈரத்துணி வாசமும். எனக்கு ஒரு விஷயம் மட்டும் புடிபட மாட்டேங்குது. கோமதி போன ஞாயித்துக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வச்சு விட்டா. அரை மணி நேரம், வெரலால ஒவ்வொரு வகிடா எடுத்து. அம்மா போன பொறவு என் தலையில ஒரு பொம்பள கை அப்படிப் பட்டதே இல்ல, அப்பா பின்னி விடுற சடை எப்பவும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். அன்னைக்கு நான் கண்ண மூடிக்கிட்டு, இப்படியே இருந்துறணும்னு நெனைச்சேன். அதுவும் பொய்யா? கை பொய் சொல்லுமா? வீட்டை எழுதி வாங்கப் போறவ எதுக்கு அவ்வளவு மெதுவா சிக்கெடுத்தா, இழுத்திருக்கலாமே. தெரியல. தெரிஞ்சுக்கிடவும் வேண்டாம். அவளுக்கும் ஒரு மனசு இருந்துட்டுப் போகட்டும், அதுக்காக நான் வீட்டைக் குடுக்க முடியாது. இப்பம் அவ என்ன செய்வா, முறுக்கு முழுசும் சுட்டு முடிச்சிருப்பா, தெருவ எட்டிப் பாத்திருப்பா, பீரோவத் தொறந்திருப்பா. தொறந்து பாத்ததும் அவ மூஞ்சி எப்படிப் போயிருக்கும்னு நெனைச்சா, பாவமாவும் இருக்கு, குளுகுளுன்னும் இருக்கு. குளுகுளுன்னு இருக்கதுதான் ஜாஸ்தி. காலையில தின்ன அந்த ரெண்டு முறுக்கத் தவிர வேற ஒண்ணும் வயித்துல இல்ல, பசிக்கி, தூக்கம் வேற வருது. பயந்து பயந்து பயமே தேஞ்சு போயிட்டு போல. அப்பா கேபின்ல பின் படுக்கையில நான் தூங்கும்போது லாரி இப்படித்தான் ஆடும். கடையநல்லூர்ல அந்தப் பல்லு எடுப்பான மனுசன் எறங்கிப் போனத நான் பாக்கவே இல்ல, கண்ணு அசந்துட்டு.

‘தென்காசி எல்லாம் எறங்கு’ன்னு கண்டக்டர் கம்பியத் தட்டுறாரு. பைய மொதல்ல தொட்டேன். இருக்கு. கூட்டத்தோட கூட்டமா எறங்கி, ஒரு கால் நீலமும் ஒரு கால் பச்சையுமா தண்ணிக்குள்ள நிக்கேன். தூறல் விழுது. யாரையும் காணும். ஆட்டோக்காரர் ‘எங்க போகணும்மா’ங்காரு, நான் தலைய ஆட்டுறேன், எவன் கூப்புட்டாலும் போகக் கூடாது. வரலன்னா? வரலன்னா நானே வீட்டுக்குப் போயிருவேன், கதவப் பூட்டிக்கிட்டு இருந்துருவேன், அவ செவரு அந்தப் பக்கம் இருக்குல்ல, அது போதும். அப்படி நெனைக்கும்போதே பின்னால இருந்து, ‘எருமை’ன்னு ஒரு சத்தம். திரும்பினா ஜெபக்கனியக்கா. குடை ஒரு பக்கம் மடங்கி, சேலையெல்லாம் பீடித்தூளு, வேலைய அப்படியே போட்டுட்டு வந்திருக்கா. கிட்ட வந்து என்னைத் தலையில இருந்து காலு வரைக்கும் பாத்தா, செருப்பப் பாத்தா, தொடங்கிட்டா. ‘எருமை, அறிவு கெட்ட எருமை. காலேஜ் படிக்காளாம் காலேஜ். எவனாவது வந்து அழுதா கூடப் போயிருவியாட்டி நீ? பத்து நாளு ஒரு போன் உண்டா, ஒரு தகவல் உண்டா, போன் பண்ணினா ஸ்விட்ச் ஆப்பு, நான் என்னன்னு நெனைக்க? கம்பெனியில பத்துக் கட்டு பீடி கழிச்சுட்டான், சுத்துறதெல்லாம் கோணக் கோண வருது, உன் நெனப்புலதான். உங்க அப்பா இருந்தா உன் முதுகுத் தோல உரிச்சிருப்பாரு. நட, மொதல்ல மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு.’ பஸ் ஸ்டாண்டே வேடிக்க பாக்குது. எனக்கு கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, மூக்கு ஒழுகுது, வெக்கமே இல்ல. இந்த மூணு மாசத்துல அவங்க ரெண்டு பேருல ஒருத்தர் கூட என்னை ஒருக்கா திட்டுனது இல்லன்னு இப்பம்தான் எனக்கு உறைக்கி. தட்ட ஒடைச்சேன், ‘போகட்டும் பாப்பா’ன்னாங்க. லேட்டா எந்திரிச்சேன், ‘தூங்கட்டும்’னாங்க. நான் நல்லா இருக்கணும்னு அவங்களுக்கு எந்த அவசியமும் இல்ல.

‘அக்கா, அன்னைக்கு நான் சொன்னது’ன்னு ஆரம்பிச்சேன். ‘மூடு’ன்னா. சரி, சொல்ல முடியாதத வேற எப்படிச் சொல்ல, மஞ்சப் பைய அப்படியே அவ கிட்ட நீட்டினேன். ‘இத நீங்களே வச்சிருங்கக்கா. உங்ககிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.’ அக்கா பையத் தொடவே இல்ல. தொட்டா சுட்டுரும்ங்கிற மாதிரி கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டா. ‘இவ்வளவு பட்டும் உனக்குப் புத்தி வரலையா? உங்க அப்பா உனக்குன்னு வச்சுட்டுப் போனது. யார்கிட்டயும் குடுக்காத. எங்கிட்டயும் குடுக்காத’ன்னு சொல்லிட்டு குடைய என் பக்கம் சாச்சுப் புடிச்சா. நான் பைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு நடக்கேன். அவ முன்னால திட்டிக்கிட்டே போறா, பஸ்ஸுகள் ஹாரன் அடிக்கிற சத்தத்துல பாதி வார்த்தை காதுல விழல, ஒண்ணும் விட்டுப் போயிரக் கூடாதுன்னு நான் எட்டி எட்டி வச்சு அவ பக்கத்துல போறேன்.